ஆண்டறிக்கை 2024–25: லிலோவை அனுப்பிவைத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கணினிச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் காட்பாடியில் நடந்தன. மே மாதம் மட்டும் வேலூர் வெயிலுக்குப் பயந்து காலை ஏழு மணிக்கே கூடிக் கலைந்தோம். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கொடுக்க வேண்டிய ஆவணங்களை மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தாகிவிட்டது. சங்கத்தின் பெயரில் 'வட ஆற்காடு' இன்னும் வேண்டுமா என்ற பேச்சு இந்த ஆண்டும் கிளம்பி, இந்த ஆண்டும் அப்படியே ஓய்ந்தது. மாவட்டம் 1989-இல் பிரிந்தது. 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. நம் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மாறவில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டு நம் நேரத்தையும் உழைப்பையும் பெரும்பாலும் தின்றது ஒரே வேலைதான். நாம் பராமரிக்கும் வாசகசாலைக் கணினிகள், பயிற்சிக் கூடத்துக் கணினிகள், உறுப்பினர்களின் டி.டி.பி. கடைகளில் ஓடுபவை எல்லாவற்றிலிருந்தும் லிலோ பூட்லோடரை எடுத்துவிட்டு கிரப் 2 போட்டோம்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தின் மையமான கெர்னலை வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிற சிறு நிரல்தான் பூட்லோடர். லிலோ 1992 முதல் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அந்த வேலையைச் செய்துவந்தது. அது நம்மிடம் எப்படி வந்தது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பழைய கிரப்புக்கு எல்.வி.எம். (வட்டு இடத்தை வேண்டியபடி சேர்த்தும் பிரித்தும் வைக்கிற முறை) பகுதிகளைப் படிக்கத் தெரியாது. கெர்னல் அதற்குள் இருந்தால், நாம் பயன்படுத்தும் லினக்ஸ் வகையான டெபியனின் அந்த நாளைய நிறுவல் நிரலே லிலோவைத்தான் போட்டுக் கொடுக்கும். 2009-இல் வந்த டெபியன் 5 காலத்தில் நிறுவியவற்றை நாமும் அப்படியே மேம்படுத்திக்கொண்டே வந்துவிட்டோம்.

லிலோவுக்குக் கோப்பு முறைமை எதுவும் தெரியாது. கெர்னல் வட்டில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். லாங்கு பஜாரில் கடைப் பெயர் கேட்காமல் 'வலது பக்கம் நாலாவது கடை' என்று நினைவில் வைத்துக்கொண்டு போவது மாதிரி. கெர்னல் மாறியபின் லிலோவை மறுபடி ஓட்டவில்லையென்றால் வேறு யார் கதவையோ தட்டும். மேம்படுத்தல் நடக்கும்போது நடுவில் கரண்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கிரப் கோப்பைப் பெயரால் தேடும். அமைப்புக் கோப்பே கெட்டாலும் நமக்குக் கட்டளை தட்டவாவது ஓர் இடம் கொடுக்கும்.

செயற்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், "நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷின்ல ஏன் சார் கை வெக்கணும்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. லிலோ சின்னது, அமைப்புக் கோப்பை ஒரே மூச்சில் படித்துவிடலாம். கிரப் பெரியது. 2020 ஜூலையில் அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்ததையும் அவர் நினைவூட்டினார். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க ஆள் இருந்தார்கள். லிலோவைக் கவனித்துவந்தவரோ 2015 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டார். விருப்பமுள்ளவர்கள் எடுத்துச் செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். யாரும் எடுத்து நடத்தவில்லை. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இல் லிலோ பொதியே கிடையாது. நாம் டெபியன் 10-இல் உட்கார்ந்திருந்தோம். அதன் நீண்டகால ஆதரவும் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. அதற்குமேல் பேசிப் பயனில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. மூத்தவர் வீட்டில் ஸ்லாக்வேர் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை வைத்திருக்கிறார், 2022-இல் வந்த அதன் 15.0 பதிப்பிலும் லிலோ உண்டு. அது அவர் வீடு, அவர் இஷ்டம்.

பெரும்பாலான கணினிகளில் வேலை சுலபமாக முடிந்தது. முதலில், பூட்லோடர் தொடங்குகிற இடமான வட்டின் முதல் 512 பைட்டுகளைப் பென் டிரைவில் நகல் எடுத்தோம். திரும்பப் போட வேண்டிவந்தால் முதல் 446 பைட்டுகளை மட்டும் போடுங்கள் என்று பயிற்சி மாணவர்களிடம் தொண்டை வறளச் சொன்னோம், ஏனெனில் அடுத்த 64 பைட்டுகளில் இருப்பது வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணை. கிரப்பை நிறுவி, மறுதொடக்கம் செய்து பார்த்து, அப்புறம்தான் லிலோவை நீக்கினோம். பிறகு 10-இலிருந்து 11, அங்கிருந்து 12 எனப் படிப்படியாக ஏற்றினோம்.

குடியாத்தம் வாசகசாலைக் கணினிதான் பாடாய்ப் படுத்தியது. இரண்டு வட்டுகளில் ரெய்டு (வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுகிற முறை), அதன்மேல் எல்.வி.எம்., கெர்னலும் அதற்குள்ளே. கிரப் தன் மையப் பகுதியை வட்டின் முதல் செக்டாருக்கும் (செக்டார் என்பது 512 பைட்டுத் துண்டு) முதல் பகிர்வுக்கும் நடுவிலுள்ள காலியிடத்தில் வைக்கும். இப்போதைய கருவிகள் முதல் பகிர்வை 2048-ஆம் செக்டாரில் தொடங்குவதால் இடம் தாராளம். பழைய வட்டுகளில் அது 63-ஆம் செக்டார். மிஞ்சுவது 62 செக்டார், அதாவது 31 கேபி. ரெய்டு, எல்.வி.எம். இரண்டுக்குமான நிரல்களைச் சேர்த்ததும் மையப் பகுதி அதில் அடங்கவில்லை, கிரப் நிறுவ மறுத்துவிட்டது. ஸ்வாப் பகிர்வு (நினைவகம் போதாதபோது உதவுகிற வட்டுப் பகுதி) நல்லவேளையாக வெளியே தனியாக இருந்தது. அதைக் குறைத்து, கெர்னலுக்கென்று சாதாரணப் பகிர்வு ஒன்றை ஒதுக்கினோம். அந்த நிரல்கள் மையப் பகுதிக்குத் தேவைப்படாமல் போகவே அது சுருங்கி உள்ளே உட்கார்ந்தது. யு.பி.எஸ். கத்திக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்து முடித்த இரு மாணவிகளுக்கும் சங்கத்தின் பாராட்டு.

வரும் ஆண்டுக்கு ஒரு விஷயம் காத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் நிறுவ முடியாது. அவை 12-இலேயே இருக்கட்டும், 2028 ஜூன் வரை ஆதரவு உண்டு. அதற்குள் மாற்றுக் கணினிகளுக்கு நன்கொடை திரட்ட வேண்டும். ஆற்காடு, சத்துவாச்சாரி உறுப்பினர்கள் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார்கள். இன்னும் இருவர் தேவை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

நன்றி.
செயலாளர்