பதவி உயர்வை வேண்டாம் என்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வு நடக்கும் ஆண்டுகளில் தங்கள் நாளிதழில் அதுபற்றிய செய்தி தவறாமல் வெளிவரும். காலிப் பணியிடங்கள் எத்தனை, ஆணை பெற்றவர்கள் எத்தனை பேர் என்பது வரை அச்சாகும் அந்தச் செய்தியில், பட்டியலில் பெயர் இருந்தும், பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமைவிடல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இருப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கைக்கு வந்த பதவியை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டால், சொந்த ஊரை விட்டுப் போக மனமில்லை, வேலைக்குச் சோம்பல், குடும்பச் சூழ்நிலை என்று துறைக்குள்ளேயே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அது பயம். அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

உரிமைவிடல் கடிதத்தை நானும் எழுதினேன். 2018ஆம் ஆண்டு கோடையில், இருபத்தொரு ஆண்டுகள் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருந்த பிறகு, அந்தக் கடிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் கலந்தாய்வுக்குப் போனேன். என் முறை வந்தபோது கணினித் திரையில் மிச்சமிருந்த ஊர்களில் ஒன்று, என் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்வரக்கூடியதாக இருந்துவிட்டது. கடிதம் பையிலேயே தங்கியதற்குக் காரணம் துணிச்சல் அன்று, அந்தப் பேருந்துதான்.

ஆணையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது உடன் வந்திருந்த ஆசிரியைகள் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கோ அடிவயிற்றில் புளியைக் கரைத்தது. அன்றிலிருந்து பொறுப்பேற்ற நாள்வரை ஒரு வாரம் சரியாக உறங்கவில்லை. பின்னிரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும்; கடைசியாக எந்தப் பள்ளிக் கூரையில் விரிசல் பார்த்தோம் என்று மனம் தேடத் தொடங்கிவிடும். இத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகு என்ன பயம் என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிள்ளைகளிடம் பயம் இருந்ததில்லை; பாடத்திலும் இல்லை. வகுப்பறைக்குள் நான் செய்யும் பிழையை மறுநாள் அதே கரும்பலகையில் திருத்திவிடலாம். தலைமையாசிரியரின் வேலை வகுப்பறையின் நீட்சி என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கையெழுத்தின் வேலை. உடன் பணிபுரியும் அத்தனை பேரின் சம்பளப் பட்டியலும் தலைமையாசிரியரின் கையெழுத்தோடுதான் கருவூலத்துக்குப் போகிறது. ஓர் எண் பிசகினால் யாரோ ஒருவருக்கு அந்த மாதம் வீட்டுக்கடன் தவணை நின்றுபோகும். மாற்றுச் சான்றிதழில் பெயரின் எழுத்து ஒன்று மாறினாலும் அந்தப் பிள்ளை பல ஆண்டுகள் கழித்து அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது பொதுத்தேர்வுக்கு அனுப்பும் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல். பொதுத்தேர்வு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் கடவுச்சீட்டு முதல் ஓய்வூதியம் வரை வாழ்நாள் முழுவதும் ஒருவரோடு வரப்போகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் அறுபதாவது வயதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறோம் என்ற நினைப்பே ஒருவரின் கையை நடுங்கச் செய்யப் போதுமானது.

இவை தாளில் நேரும் பிழைகள். தாளுக்கு வெளியே இருப்பவை வேறு. கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையானது 2004ஆம் ஆண்டு ஜூலை 16. பிகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தது 2013ஆம் ஆண்டு, அதே ஜூலை 16. இரண்டு வழக்குகளிலும் கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களுள் தலைமையாசிரியை இருந்தார். அவர்கள் குற்றத்தின் அளவைப் பற்றிப் பேச நான் வரவில்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் ஒருத்தி ஜூலை மாதத்து நாட்காட்டியைப் பார்க்கும்போது எதை நினைப்பாள் என்பதைத்தான் சொல்கிறேன். குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றம் தெரியவந்தால் அதைத் தெரிவிப்பது எல்லோருக்கும் கடமைதான் என்றாலும், தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தனியாகவே சொல்கிறது. சொல்லவும் வேண்டும். ஆயினும், வெள்ளிக்கிழமை வரை சக ஆசிரியர்களாக ஒன்றாக அமர்ந்து தேநீர் குடித்தவர்கள் எல்லோரும் திங்கட்கிழமை முதல் 'எனக்குக் கீழ் பணிபுரிபவர்கள்' ஆகிவிடும் மாற்றத்துக்கு யாரும் நம்மைத் தயார் செய்வதில்லை.

இத்தனைக்கும் கையில் கூடுதலாக வரும் தொகை பெரிதன்று. பத்து ஆண்டில் தேர்வு நிலை, இருபது ஆண்டில் சிறப்பு நிலை என்னும் ஊதிய உயர்வுகளைப் பெற்றுவிட்ட பட்டதாரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு தரும் ஊதிய வேறுபாடு, தினமும் இரண்டு பேருந்து மாறிப் போகிறவருக்குச் செலவிலேயே கரைந்துவிடும். ஆகவே கணக்குப் போட்டுப் பார்க்கும் எவரும் கடிதத்தைக் கொடுத்துவிடுவதில் வியப்பில்லை.

பொறுப்பேற்ற நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எனக்கு முன்பிருந்தவர் மே 31 அன்று ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார். இடைப்பட்ட வாரங்களில் பொறுப்பு வகித்த மூத்த ஆசிரியர், ஒரு பிற்பகலில், இரண்டரை மணி நேரத்தில், முழுப் பள்ளியையும் என்னிடம் ஒப்படைத்தார். சாவிக்கொத்தில் முப்பத்தொரு சாவிகள் இருந்தன; அவற்றில் ஒன்பது எந்தப் பூட்டுக்கு உரியவை என்று அவருக்கும் தெரியவில்லை. இருப்புப் பதிவேட்டின்படி பள்ளியில் இரண்டு தையல் இயந்திரங்கள் இருக்க வேண்டும். அங்கே பணிபுரிந்த எவரும் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. முந்தைய மூன்று தலைமையாசிரியர்களும் 'சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். நானும் அதே வரியை எழுதி, அதே இடத்தில் கையெழுத்திட்டேன். மணி நான்கரை ஆகிவிட்டது, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, தலைமையாசிரியையாக நான் இட்ட முதல் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழே இருந்தது. அன்று தொடங்கிய உறுத்தல் அடுத்த தணிக்கை வரை நீங்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர் இருந்தார். என் மகன் வயது. பவானிசாகரில் உள்ள குடிமைப் பணியாளர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர். கோப்பு எப்படித் தொடங்க வேண்டும், ரொக்கப் பதிவேட்டை எந்த நாளில் முடிக்க வேண்டும், தணிக்கைத் தடைக்கு, அதாவது தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபத்துக்கு, எப்படிப் பதில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு முறையாகக் கற்பிக்கப்பட்டிருந்தது. அவர் எழுதும் கோப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டிய எனக்குப் பயிற்சி வந்தது எட்டாவது மாதத்தில். அதுவும் இரண்டு நாள், தலைமைப் பண்பு என்ற தலைப்பில், பெரும்பாலும் கைதட்டலும் கதைகளுமாக. துறைத் தேர்வுகள் எழுதித் தேறியிருக்கிறீர்களே என்று கேட்கலாம். தேறியிருந்தேன். ஆனால் அவற்றில் அலுவலக வரவு செலவு பற்றிய கணக்குத் தேர்வு, விதி நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு; விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேகத்தை அது சோதிக்கும். மாதத்தின் இருபதாம் தேதி மாலையில் கருவூலம் திருப்பி அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த வேகம் பெரிதாக உதவாது.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது பக்கத்து ஊரில் ஓய்வு பெற்றிருந்த ஒரு தலைமையாசிரியரின் கைபேசி எண். முதல் ஆறு மாதம் நாள்தோறும் மாலையில் அவரை அழைத்திருக்கிறேன். "புரியாத தாளுக்கு இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீங்கம்மா, நாளைக்குப் போடுங்க. ஒரு நாள் தாமதத்துக்கு விளக்கம் எழுதலாம், தப்புக்கு எழுத முடியாது" என்று அவர் சொன்னது, நான் அமர்ந்த எல்லாப் பயிற்சிகளையும்விடப் பயன்பட்டது. தன்னம்பிக்கையோடு இருங்கள் என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வேலை தெரியாததால் வரும் அச்சத்தை வேலையைச் சொல்லிக் கொடுத்துத்தான் போக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாமோ புதிதாகப் பதவி ஏற்பவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி ஊக்க உரை ஆற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பொறுப்பேற்ற ஐந்தாம் மாதம், 2018 நவம்பர் 15 மாலை, கஜா புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது கிராம நிர்வாக அலுவலரும் ஊர்க்காரர்கள் சிலரும் பள்ளியைத் திறந்துவிடக் கேட்டார்கள். எழுத்துமூலமான உத்தரவு எதுவும் என் கைக்கு வந்திருக்கவில்லை. வந்த பிறகு திறப்போம் என்று நினைக்கும் நிலையிலும் நான் இல்லை. கான்கிரீட் கூரை போட்ட கட்டடத்தை மட்டும் திறக்கச் சொல்லி, ஓட்டுக் கட்டடத்தின் பக்கம் யாரையும் விட வேண்டாம் என்று இரவுக் காவலரிடம் தொலைபேசியில் சொன்னேன். நள்ளிரவு தாண்டிக் காற்று அடித்தபோது வீட்டில் விழித்துக்கொண்டிருந்தேன் என்றாலும், பொறுப்பேற்ற நாளிலிருந்து என்னோடு இருந்த அந்த நடுக்கம் அன்றிரவு இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, செய்தும் ஆகிவிட்டது. பயம் அடுத்த வாரம் திரும்பி வந்தது: குளிருக்கு எரிக்கப்பட்ட உடைந்த பெஞ்சுகள் ஆறினை இருப்புப் பதிவேட்டிலிருந்து எந்த விதியின் கீழ் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பாகத் தோன்றலாம். புயலைவிடப் பெஞ்சுக்கு அஞ்சும் நிலையில் ஒரு தலைமையாசிரியரை வைத்திருக்கும் அமைப்பைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு தலைமையாசிரியர் எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் தெரிந்துவிடுகிறது. பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியல் ஜனவரி 1 நிலவரப்படி தயாரிக்கப்படுகிறது. இரண்டும் கையில் இருக்கும்போது, மே மாதத்திலேயே ஆணையைக் கொடுத்து, ஓய்வு பெறுபவர் நாற்காலியில் இருக்கும் கடைசிப் பத்து நாட்கள் புதியவர் அருகில் அமர்ந்து பார்க்க வழிசெய்தால் போதும். பள்ளிக்கு அது விடுமுறைக் காலம். அலுவலகத்துக்கு விடுமுறை இல்லை. அந்தப் பத்து நாளில் ஒரு சம்பளப் பட்டியல் தயாராவதையும், சேர்க்கையும் மாற்றுச் சான்றிதழும் நடப்பதையும் கண்ணால் காணலாம். இருப்பை உண்மையாகவே சரிபார்க்கலாம். முன்னுரிமை குறித்த வழக்குகளால் பட்டியல் தாமதமாகிறது என்று துறை சொல்லும். உண்மைதான். அப்படித் தாமதமாகும் ஆண்டுகளில் அருகிலுள்ள அனுபவமிக்க தலைமையாசிரியர் ஒருவரிடம் அதே பத்து நாட்களுக்குப் புதியவரை அனுப்பிவைக்கலாமே. பயிற்சி என்று ஒன்றைத் தருவதானால் அது பதவியேற்கும் முன்பு தரப்பட வேண்டும் என்பதும், அதில் ரொக்கப் பதிவேடும் போக்சோ சட்டமும் கட்டடப் பாதுகாப்பும் இடம்பெற வேண்டும் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

உரிமைவிடல் கடிதம் கொடுத்தவர்களைப் பொறுப்பைத் தட்டிக்கழித்தவர்கள் என்று பேசுவதை நிறுத்த வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். எனக்குத் தெரிந்து அப்படிக் கொடுத்த இரண்டு ஆசிரியைகள், எங்கள் வட்டாரத்திலேயே மிகக் கவனமாக வேலை செய்பவர்கள். தனக்கு என்ன தெரியாது என்று சரியாகக் கணக்கிட்டதால்தான் அவர்கள் பின்வாங்கினார்கள். அவர்கள் இடத்தில் அந்தக் கணக்கையே போடாத சிலர் எவ்விதத் தயக்கமும் இன்றி அமர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அதுபற்றி விரிவாக எழுத விரும்பவில்லை.

2024 மே மாத இறுதியில் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு அப்போது புதியவர் யாரும் நியமிக்கப்படவில்லை. மூத்த பட்டதாரி ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். ஏப்ரலிலேயே தொடங்கி, நாளுக்கு ஒரு மணி நேரம் அவரை அருகில் அமர்த்திக்கொண்டேன். ஒவ்வொரு சாவியிலும் சீட்டுக் கட்டியிருந்தேன். தையல் இயந்திரங்கள் முறைப்படி கழிக்கப்பட்டுவிட்டன. அந்த ஒன்பது சாவிகளில் இரண்டு எதற்கு உரியவை என்பதை ஆறு ஆண்டுகளில் கண்டுபிடித்திருந்தேன். மீதி ஏழும் எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை என்பதை ஒப்படைப்புப் பட்டியலில் அப்படியே எழுதி, அதன் கீழ் இருவரும் கையெழுத்திட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.