ஸ்லைடை மறுபடி பார்த்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நான் குரோம்பேட்டையில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவள். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், வயது 14. அவளுக்கு மேல்தாடையில் ஆபரேஷன் நடந்து நல்லபடியாகத் தேறிவிட்டாள். அதற்குக் காரணமானவர்களுக்கு நேரில் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லாமலே வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இடது பக்கம் மூக்கோரமாக லேசான வீக்கம். வலி இல்லை. வலி இல்லாததால் ஆறேழு மாதம் விட்டுவிட்டோம். அந்தப் பக்கத்துக் கோரைப்பல் முளைக்காமல் பால்பல்லே நின்றுகொண்டிருந்ததையும் நான் கவனிக்கவில்லை. போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே, பயாப்சி எல்லாம் ஆயிற்று. ரிப்போர்ட்டில் 'அடினோ அமெலோபிளாஸ்டோமா' என்று வந்தது. அமெலோபிளாஸ்டோமா என்பது தாடையில் வரும் ஒரு கட்டி, புற்றுநோய் இல்லைதான், ஆனால் கொஞ்சம் விட்டாலும் திரும்ப வளரும், அதனால் சுற்றியுள்ள எலும்போடு தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி அவள், "அம்மா, என் மூஞ்சி ஒரு பக்கம் உள்ள போயிடுமா?" என்று கேட்டாள். போர்வையை இழுத்துவிட்டேனே தவிர, எனக்குப் பதில் வரவில்லை.

எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்குத்தான் முதல் நன்றி. "கையெழுத்துப் போடாதே, ஒரு தடவை அரசு பல் மருத்துவமனையில காட்டிடு" என்று சொன்னவர், முழங்கால் வலியோடு எங்களுடன் ரயிலேறி கோட்டை ஸ்டேஷன் வரை வந்தார். ஓ.பி. சீட்டு வரிசையில் எனக்குப் பதிலாக நின்றார்.

அங்கே எங்களைப் பார்த்த டாக்டரம்மா மேல்படிப்பு மாணவிதான், சின்ன வயசு. ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஸ்லைடும் பிளாக்கும் அந்த லேப்லயே இருக்கும். கேட்டு வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் பிளாக், அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. இவற்றை நாம் கேட்டு வாங்கலாம் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. லேபில் இருந்த தம்பியும் அலையவிடவில்லை. பஞ்சில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, "பத்திரம்க்கா, உடைஞ்சிடும்" என்று கொடுத்தார். ரயிலில் அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன்.

பல்லை ஒட்டி ஒரு சின்ன எக்ஸ்ரே புதிதாக எடுத்தார்கள். டாக்டரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். கறுப்பு வட்டத்துக்குள் முளைக்காத கோரைப்பல் முழுசாகப் படுத்திருந்தது. சாதாரண நீர்க்கட்டியாக இருந்தால் பல்லின் கழுத்தோடு நின்றுவிடுமாம், இது வேர்வரை சுற்றியிருந்தது. வட்டத்துக்குள்ளே வெள்ளையாக, ரவை தூவின மாதிரி பொடிப்பொடியாகத் தெரிந்தது. பெரிய எக்ஸ்ரேயில் அது சரியாகத் தெரியவில்லை.

நோயியல் பிரிவு டாக்டர் ஐயாவை நான் மறக்கவே முடியாது. ஸ்லைடைப் பார்த்து முடித்தவர், "நீங்களும் பாருங்கம்மா" என்று மைக்ராஸ்கோப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி வளையங்கள், கண்ணாடி வளையலைக் கொட்டி வைத்த மாதிரி. இதன் சரியான பெயர் அடினோமட்டாய்டு ஒடோன்டோஜெனிக் டியூமர், ரிப்போர்ட்டில் இருப்பது பழைய பெயர் என்றார். அமெலோபிளாஸ்டோமா என்று பெயரில் ஒட்டிக்கொண்டிருந்ததால் தேவையில்லாமல் பெரிய ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்றுதான், 1969-இல் ஃபிலிப்சென், பர்ன் என்ற இரண்டு பேர் பெயரை மாற்றச் சொன்னார்களாம். 1971-இல் உலக சுகாதார நிறுவனமும் புதுப் பெயரை ஏற்றுக்கொண்டதாம். அப்புறம் விரல் விட்டு எண்ணினார்: இந்தக் கட்டி மூன்றில் இரண்டு பங்கு மேல்தாடையில், மூன்றில் இரண்டு பங்கு பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் இருபது வயசுக்குள், பெரும்பாலும் முளைக்காத கோரைப்பல்லைச் சுற்றி. அமெலோபிளாஸ்டோமாவோ அதிகமும் கீழ்த்தாடையில், பின்பக்கமாக, வயது வந்தவர்களுக்கு வருவது. "உங்க பொண்ணுக்கு எல்லாம் அப்படியே பொருந்துது. கட்டியை மட்டும் எடுத்தாப் போதும். திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம்." நான் அழுதேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு ஸ்லைடு பார்க்கப் போய்விட்டார். அதற்கும் நன்றி ஐயா.

ஆபரேஷன் செய்த டாக்டர் சார், நுங்கு எடுக்கிற மாதிரி உறையோடு முழுசாக வந்துவிட்டது என்றார். ஈறுக்கு மேலே, வாய்க்குள்ளேயே கீறியதால் முகத்தில் தழும்பே இல்லை. எடுத்த கட்டியை முழுசாகச் சோதித்தும் அதே முடிவுதான் வந்தது. கோரைப்பல்லும் கூடவே போய்விட்டது. சரி, அந்த இடைவெளிக்குப் பின்னால் பல் கட்டிக்கொள்ளலாம்.

விட்ட பாடங்களை நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்த அவள் தோழிகளுக்கும், ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டு ஒரு மாதம் வாய் திறக்காமல் காத்திருந்த என் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி.

இன்னொருவர் இருக்கிறார், பெயர்கூடக் கேட்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது, வேலையை முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்த ஆயாம்மா. தன் டிபனில் இருந்து ஒரு இட்லியை என் கையில் வைத்து, "உள்ள நல்லா பாத்துப்பாங்க, சாப்பிடு" என்றார். அடுத்த மாதம் எக்ஸ்ரே எடுக்க மறுபடி வருகிறோம். என் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்கு வருவேன் அம்மா.