மதிப்பெண் தாளில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்

இளையோர் இசைப் போட்டிகளில் நடுவர்களாக அமரும் பெரியோர்களுக்கு,

வணக்கம். போன வருடம் என் மகள் ஒரு போட்டியில் செல்லோ வாசித்தாள் (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம், உட்கார்ந்து வில்லால் வாசிப்பது). பிறகு கையில் கொடுத்த தாளில் ஏழு குறிப்புகள் இருந்தன. ஏழும் பிழைகள். சுருதி விலகியது, வில் திரும்புகிற இடத்தில் கீறியது, கடைசியில் காலம் ஓடியது. எதுவும் பொய்யில்லை, நானும் அங்கேதான் உட்கார்ந்து கேட்டேன். சண்டைக்கு வரவில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை நினைவுபடுத்தத்தான் இந்த மடல்.

கிரெகோர் பியாட்டிகோர்ஸ்கி 1903இல், இன்று உக்ரைனில் நீப்ரோ எனப்படும் ஊரில் பிறந்தார். மீசை அரும்பும் வயதிலேயே மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் முதன்மைச் செல்லோ கலைஞர். 1921இல் சோவியத் ஆட்சியிலிருந்து எல்லை தாண்டித் தப்பினார். 1924 முதல் 1929 வரை பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில், நடத்துநர் ஃபுர்ட்வாங்லரின் கீழ், செல்லோக்காரர்களில் முதல் நாற்காலி அவருடையது.

அந்தப் பெர்லின் காலத்தில்தான் ஒருநாள், அன்றைய செல்லோ மேதை பாப்லோ காசல்ஸுக்கு முன்னால் வாசிக்க நேர்ந்தது. பியானோவில் இளைஞர் ருடால்ஃப் செர்கின். பயத்தில் பீத்தோவன் சொதப்பியது, ஷூமனும் பாக்கும் தேறவில்லை. காசல்ஸோ பாராட்டித் தழுவிக்கொண்டார். பியாட்டிகோர்ஸ்கி மனம் கசந்து வீடு திரும்பினார். மட்டமான வாசிப்பைவிட, அந்தப் பெரிய மனிதர் வாய்கூசாமல் பொய் சொன்னார் என்பதுதான் அவரை உறுத்தியது.

பல ஆண்டுகள் கழித்துப் பாரிஸில், இருவரும் நண்பர்களான பிறகு, அந்தக் கசப்பைக் காசல்ஸிடமே சொன்னார். காசல்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. பாய்ந்து செல்லோவை எடுத்து, அன்றைய பீத்தோவனிலிருந்து ஓர் இடத்தை வாசித்தார்: ‘நீ இந்த விரல்களைத்தானே வைத்தாய்? எனக்கு அது புதிது.’ இன்னோர் இடம்: ‘இதை இப்படி வில்லை மேல்நோக்கித் தள்ளித்தானே எடுத்தாய்?’ பிழைகளை மட்டும் எண்ணுவது அறியாதவர்கள் வேலை, ஒரே ஒரு சுரம் நன்றாக அமைந்தாலும் தனக்கு நன்றிதான் என்றாராம்.

அத்தனை வருடம் கழித்தும் விரல் வைப்பு நினைவிருக்கிறது, பாருங்கள். முகத்துக்காகப் பாராட்டியவருக்கு அது நினைவிருக்காது. பிழை கேட்கக் கூர்மையான காது போதும், நன்றாக அமைந்ததைக் கேட்க அதைவிடக் கூடுதலாக ஏதோ வேண்டும்.

பியாட்டிகோர்ஸ்கி பிறகு அமெரிக்காவில் நெடுநாள் ஆசிரியராக இருந்தார். முதலில் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி, கடைசியில் 1976இல் இறக்கும்வரை தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். செல்லோ கலைஞர் மிஷா மைஸ்கி அவரிடம் படித்தவர். 1978இல் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கி இசைப் போட்டியில் தங்கம் வாங்கிய நத்தானியல் ரோசனும் அவர் மாணவர்தான். அதே போட்டிக்கு 1962இல் பியாட்டிகோர்ஸ்கி நடுவராகப் போயிருந்தார், தான் தப்பி ஓடிய மாஸ்கோவுக்கே.

பிழைகளைக் குறிக்காதீர்கள் என்று கேட்கவில்லை. ஏழோடு எட்டாவதாக ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பிள்ளையிடம் நீங்கள் கேட்ட, மறக்காத ஓர் இடம். இல்லையென்றால் ‘இல்லை’ என்றே எழுதுங்கள், தாங்கிக்கொள்வோம்.

இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் என் மகள் ஒரு சுரத்தை நான்காம் விரலில் எடுத்து, கொஞ்சம் நிறுத்திப் பிடித்து, பிறகு விட்டாள். வீட்டில் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. அன்று இருந்த நடுவர் மூவரில் யாருக்காவது அது நினைவிருக்கிறதா?

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பன்