மெல்க் மடத்துச் சுவரைத் தொட்டுப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது, நீ கொடுத்தனுப்பிய சாக்லேட்டை அம்மா தெருவுக்கே பங்கு வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை உனக்கு ஆய்வகத்தில் வேலை வந்துவிட்டதால் நான் மட்டும் வியன்னாவில் ரயிலேறி மெல்க் போய்விட்டு வந்தேன் அல்லவா, ராத்திரி நீ களைத்துப்போய் வந்து "எப்படிப்பா இருந்தது" என்று கேட்டாய், நான் "நல்லா இருந்துச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மனசு நிறைந்து கிடந்தது, வாயில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே பாறை மேல் மஞ்சளும் வெள்ளையுமாக அந்த மடம் நிற்கிறது. வழி கேட்க வேண்டிய தேவையே இல்லை. முதலில் அது கோட்டையாக இருந்த இடமாம். 1089-இல் அந்தப் பகுதியை ஆண்ட இரண்டாம் லியோபோல்ட் தன் கோட்டையை லாம்பாக் ஊரிலிருந்து வந்த பெனடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டார். அன்று குடியேறியவர்களின் வழி இன்றுவரை அறுபடவில்லை. நடுவில் 1297-இல் பெரிய தீ, அப்புறம் போர், பணமுடை, என்னென்னவோ. இப்போது நாம் பார்க்கிற கட்டடம் 1702-இல் தொடங்கியது.

தொடங்கியவர் பெர்த்தோல்ட் டீட்மையர். 1700-இல் மடாதிபதியானபோது அவருக்கு முப்பது வயதுதான், ஏறக்குறைய உன் வயது. கட்டியவர் யாக்கோப் பிராண்ட்டாவர், டிரோல் மலைநாட்டுக்காரர், கொத்து வேலை கற்று மேலே வந்தவர். பாப்பா, அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். பக்கத்தில் சாங்க்ட் பெல்ட்டனில் குடியிருந்துகொண்டு ஒரே சமயத்தில் பல மடங்களின் வேலையைக் கவனித்திருக்கிறார். ஐந்து இடத்தில் சாரம் கட்டி நிற்கும்போது ஓர் ஆள் படுகிற பாடு எனக்குத் தெரியும். 1726-இல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. அவருடைய உறவினர் யோசப் முங்கனாஸ்ட் எடுத்துக்கொண்டு 1736 வரைக்கும் செய்து முடித்தார்.

முடித்து இரண்டே வருஷம். 1738-இல் தீப்பிடித்தது. கூரைகள், கோபுரங்கள் எல்லாம் எரிந்தன. டீட்மையர் அப்போது உயிரோடு இருந்தார், வாலிப வயதில் தொடங்கிய வேலை கிழவரான பிறகு கண்ணெதிரே எரிவதைப் பார்த்தார், அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். மறுபடி கூரை போட்டது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். இதைப் படித்துவிட்டு முற்றத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், உள்ளே பள்ளிக்கூடம் இருக்கிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. அதுதான் மடத்தைக் காப்பாற்றியதும்கூட. 1780-களில் பேரரசர் இரண்டாம் யோசப் நூற்றுக்கணக்கான மடங்களை மூடினார், பள்ளியும் மக்களுக்கான திருப்பணியும் இருந்ததால் மெல்க் தப்பியது. அதே யோசப் மரம் வீணாகக் கூடாது என்று, அடிப்பலகை திறந்து உடலைக் குழியில் இறக்கிவிட்டு மறுபடி பயன்படுத்துகிற சவப்பெட்டியைக் கொண்டுவந்தார், ஜனங்கள் கொதித்துப்போனதால் உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பெட்டி ஒன்றை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அடிப்பலகையின் கீலைப் பார்த்தேன், நல்ல தச்சன் வேலை.

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன்.

பேரரசர் குடும்பம் வியன்னாவிலிருந்து மேற்கே போகும்போது தங்குவதற்காக ஒரு பக்கம் முழுக்க அறைகள். அந்த நடைக்கூடம் 196 மீட்டர் நீளம், அரசர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அதன் முடிவில் பளிங்கு மண்டபம். சிவப்பும் சாம்பலுமாகப் பளபளவென்று நிற்கிற அந்தச் சுவர்களில் பளிங்கே கிடையாது! வாசல் நிலைகள்தான் நிஜக் கல், அட்நெட், உன்டர்ஸ்பெர்க் மலைகளிலிருந்து வந்தது. மிச்சமெல்லாம் பூச்சு. ஜிப்சம் மாவையும் விலங்குப் பசையையும் வண்ணப்பொடியையும் பரோட்டா மாவு மாதிரி பிசைந்து, ரேகை விழும்படி அடுக்கி, சுவரில் அப்பி, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு மெழுகியதைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன், அதே கைப்பழக்கம்தான், சரக்கு வேறு. வழிகாட்டி அம்மாவிடம் ஜாடையில் அனுமதி கேட்டு நிலையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. சுவரைத் தொட்டேன், கைச்சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கண் ஏமாந்தது, கை ஏமாறவில்லை.

மேலே கூரை ஓவியம் பவுல் டிரோகர் 1731-இல் வரைந்தது. கூரை லேசாகத்தான் வளைந்திருக்கிறது, ஆனால் சுற்றி வரைந்த தூண்களால் ரொம்ப உயரத்துக்குப் போவது போலத் தெரியும். மண்டபத்தின் நடுவில் நின்றால் தூண் நிமிர்ந்து நிற்கும், ஓரத்துக்கு நகர்ந்தால் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும். தூண்களை வரைந்தவர் கயத்தானோ ஃபாண்டி என்கிற இன்னொருவர். நடுத் தரையில் இரும்புக் கிராதி ஒன்று இருக்கிறது, அடியிலிருந்து சூடான காற்று அது வழியாக ஏறுமாம். குளிர்காலத்துக்கு எப்படி யோசித்திருக்கிறார்கள் பார்.

மண்டபத்திலிருந்து வெளி மாடம், அங்கிருந்து டான்யூப் ஆறு தெரிகிறது. மாடத்தின் அந்தப் பக்கம் நூலகம். கையெழுத்துச் சுவடிகள் மட்டும் 1,800 அளவில். ஐரோப்பாவின் முதல் அச்சுப் புத்தகங்களில் ஒன்றான கூடன்பெர்க் பைபிளும் அவர்களிடம் இருந்து, முதல் உலகப்போருக்குப் பிறகு பணமில்லாமல் விற்றுவிட்டார்கள், 1926-இல் அது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது. வீடு ஒழுகும்போது நகையை விற்பது எல்லா ஊரிலும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நூலகத்திலிருந்து சுருள்படி இறங்கினால் கோயில். தங்கம், தங்கம், எங்கே பார்த்தாலும் தங்கம். எனக்குக் கொஞ்சம் திகட்டியது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் பீடத்தின் நடுவில் பேதுருவும் பவுலும் சாகப்போவதற்கு முன்னால் கையைப் பிடித்து விடைபெற்றுக்கொண்டு நிற்கிறார்கள், அதைப் பார்த்தபோது விமான நிலையத்தில் உன் கை ஞாபகம் வந்தது.

நம் பக்கம் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேனே, காவேரிக் கரையில், நினைவிருக்கிறதா? 1950-இல் பிரான்சிலிருந்து வந்த இரண்டு பேர் தொடங்கியது. அதுவும் இதே பெனடிக்ட் வழி. அங்கே தென்னை மரமும் குடிலும், இங்கே இவ்வளவு தங்கம், எனக்கு முதலில் இரண்டும் ஒட்டவேயில்லை. ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். இந்த வழிக்கு மூலவரான பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய சட்டத்தின் முதல் வார்த்தையே 'கேள், மகனே' என்பது. வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தண்ணீர்ப்பள்ளியில் நமக்குக் கீழே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள், மெல்க்கில் ராஜாவுக்கு 196 மீட்டர் கட்டினார்கள்.

உன் அறையிலிருந்து ஒரு மணி நேரம்தான். வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதே, இந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், மாடத்தில் காற்று வீசும். நிலையையும் சுவரையும் அனுமதி கேட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் போடு, இங்கே எத்தனை மணியானாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா