எட்டு வாரத்து மாத்திரை எட்டே நாளில்: சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையக ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் கிளினிக்கில் என் அம்மாவுக்கு எட்டு வைட்டமின் டி மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் 50,000 யூனிட். வாரத்துக்கு ஒன்று போட வேண்டியதை அம்மா தினமும் ஒன்றாக எட்டு நாளில் போட்டு முடித்துவிட்டார்.

அம்மா மறதிக்காரி இல்லை. 30 வருடமாகக் கொழுந்து பறிப்பவர்; எந்த மழை நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள் என்று இன்றும் சொல்லுவார். ஆனால் மருந்து போட்டுக் கொடுத்த கடதாசி உறையில் இருந்தது சிங்களம். யூரிக் அமிலத்துக்கான அலோபூரினோல் உறையிலும் அப்படியே. அது தினமும் ஒன்று. இரண்டு உறையிலும் அம்மாவுக்குப் புரிந்தது '1' என்ற இலக்கம் மட்டும்தான். போதாக்குறைக்கு, டி மாத்திரை போட்டால் யூரிக் அமிலமும் இறங்கும் என்று வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கிச் செருப்புப் போட முடியாதவருக்கு அது போதாதா?

போயா (பௌர்ணமி) லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த நான்தான் வெறும் உறையைப் பார்த்தேன்.

வைட்டமின் டி குறைந்தவர்களிடம் யூரிக் அமிலம் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் மாத்திரை கொடுத்தால் அது இறங்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அலோபூரினோலுக்கு இது மாற்று இல்லை. டி அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் கூடும், சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலத்தில் பெரும்பங்கை வெளியேற்றுவதே அந்தச் சிறுநீரகம்தான். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்குத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கல்சியம் பார்க்க டவுனில் தனியார் லேபுக்குப் போகச் சொன்னார்கள். பஸ் காசு, லேப் காசு, ஒரு நாள் பேரும் போனது. ரிப்போர்ட் வரும்வரை அம்மா தூங்கவில்லை. நல்லவேளை, கல்சியம் கூடியிருக்கவில்லை.

மருந்து கொடுத்த பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அந்த வரிசையின் நீளம் எனக்கும் தெரியும். கேட்பது ஒன்றுதான்: மருந்து உறையில் தமிழிலும் எழுதுங்கள்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்திலேயே எழுதியாகிவிட்டது. அரசியலமைப்பில் இடம் கிடைத்த மொழிக்கு மருந்து உறையில்தான் இடம் போதவில்லை போலும். தேர்தல் வந்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் மட்டும் எழுத்துப்பிழையில்லாத தமிழுக்கு எங்கிருந்தோ ஆள் கிடைக்கிறது. அரச அலுவலகப் பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பற்றித் தொடங்கினால் இந்த மடல் முடியாது, விடுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆள் போதாது என்றால் இரண்டு றப்பர் முத்திரை செய்து கொடுங்கள். ஒன்றில் 'தினமும்', மற்றதில் 'வாரத்துக்கு ஒரு முறை'. உறையில் தமிழிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. அன்று நான் கொழும்பில் இருப்பேன்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள்