காற்று வெளியேற்றியைத் தவறான இடத்தில் பொருத்தியது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்கிற்கும் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. எதைப் பரிசீலிக்கிறீர்கள், யார் பரிசீலிக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

என் ஒற்றை இருக்கை கிளைடரின் (இயந்திரம் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) காக்பிட்டுக்காக உங்கள் காற்று வெளியேற்றியை வாங்கி, உங்கள் பட்டறையிலேயே பொருத்தக் கொடுத்தேன். உங்கள் விளம்பரப் படத்தில் அது இறக்கைக்குப் பின்னால், விமான உடலின் முதுகின் மேல், வாலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. சரியான இடம் அதுதான். அங்கே காற்றோட்டம் ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கும், அழுத்தமும் குறைவு. உள்ளே தேங்கும் காற்று தானாகவே வெளியே இழுபடும். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். பட்டறை ஆட்களோ வால்தண்டின் இரு பக்கங்களிலும், வேகமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் ஸ்டாட்டிக் துளைகளுக்கு ஒரு சாண் முன்னால், இரண்டு ஓட்டைகளை வெட்டி மூடியை ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மூக்கிலுள்ள காற்று வழியைத் திறந்தால் வேகமானி 8 கி.மீ. குறைத்துக் காட்டுகிறது. மூடினால் முள் பழைய இடத்துக்கே திரும்புகிறது. மூன்று நாள் பறந்து பார்த்தேன், மூன்று நாளும் இதே கதை. குறைத்துக் காட்டும் முள்ளை நம்பி ஒருவர் உச்ச வேக எல்லையை நெருங்கினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதைச் சொல்லத்தான் தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு பேசிய உங்கள் தொழில்நுட்ப ஆலோசகர், "பறக்கிறதல்லவா? காற்று எந்த ஓட்டை வழியாகப் போனால் உங்களுக்கென்ன?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்தார். இருபது ஆண்டுகளாகப் பறக்கிறேன் ஐயா. என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை.

அதற்கு முன்பு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். நீங்களே குறித்துக் கொடுத்த தேதியில், இறக்கைகளைக் கழற்றி, டிரெய்லரில் ஏற்றி, ஆறு மணி நேரம் இழுத்துக்கொண்டு உங்கள் பட்டறைக்கு வந்தேன். வாசலில் இருந்த காவலாளி, "பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார்" என்றார். உள்ளே விடக்கூட இல்லை. அப்படியே ஆறு மணி நேரம் திரும்பினேன். அந்த வாரம் முழுவதும் வானம் பறப்பதற்கென்றே அமைந்திருந்தது. இந்தப் பருவமே எனக்கு இல்லாமல் போய்விட்டது. இழந்த அந்த நாட்களை எந்தப் பணமும் திருப்பித் தராது.

காக்பிட்டை மூடும் கண்ணாடி விதானத்தின் சீழ்க்கைச் சத்தமும் நிற்கவில்லை. விளிம்பில் ஒரு சிவப்புக் கம்பளி நூலை ஒட்டிப் பார்த்தேன். அதன் நுனி வெளிப்பக்கமாகத் துடிக்கிறது. அதாவது, வெளியேற்றி வழியாகப் போகவேண்டிய காற்று இன்னும் விதான இடுக்கு வழியாகவே கசிந்து, உடலின் மேல் ஒழுங்காக ஓடும் காற்றைக் கெடுக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் மூக்கில் மோதும் அழுத்தம் ஏறத்தாழ 470 பாஸ்கல், 200 கி.மீ.யில் நான்கு மடங்கு. அவ்வளவும் உள்ளே வந்தால் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குத்தான் அந்த ஆலோசகர் "உங்களுக்கென்ன" என்றார்!

பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பக்கவாட்டு ஓட்டைகளை முறையான பழுதுபார்ப்பாக அடைத்து, வெளியேற்றியை முதுகில் பொருத்தி, வேகமானியைச் சரிபார்த்து, எல்லாவற்றையும் எழுத்தில் தாருங்கள். இதற்கு ஒரு காசும் கொடுக்கமாட்டேன். பதினைந்து நாட்களுக்குள் பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்ட பதில் வராவிட்டால், படங்களோடு விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் போவேன். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

கிளைடர் டிரெய்லரில்தான் இருக்கிறது. இம்முறை அதை எடுத்துச்செல்ல உங்கள் ஆள்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்