வராதவர் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தால் மறுநாள் செய்தி ஒரே மாதிரிதான் வருகிறது: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குப் பார்த்தோம். வராதவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. புதுவயல் அரிசி ஆலைகளில் நெல் காயப்போடும் பெண்கள், ஆத்தங்குடிப் பட்டறைகளில் தரையில் பதிக்கும் பூக்கல் வார்ப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், கணவரை இழந்தவர்கள், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்கள். அந்த வீட்டுக்காரர்களில் பலர் சென்னையில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே உட்பட முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும்போது அவர்களுக்குச் சமைத்துப் போடும் பெண்ணின் மார்பையோ வாயையோ கர்ப்பப்பை வாயையோ இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இலவசம்தானே, வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனைப் பெட்டியைத் தபாலில் வீட்டுக்கே இலவசமாக அனுப்புகிறார்கள். அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி 2011-இல் வெளியான ஆய்வின்படி, வசதியான பகுதிகளில் 61 சதவீதம் பேர் மாதிரியைத் திருப்பி அனுப்பினார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் 35 சதவீதம் பேர்தான். வாசலுக்கே வந்த பெட்டிக்கே இந்தக் கதி என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கச் சொல்லும் முகாமுக்கு எப்படிக் கூட்டம் வரும்? நூறு நாள் வேலையில் காலையிலும் பிற்பகலிலும் செயலியில் படம் எடுத்து வருகை பதிகிறார்கள். ஒரு படத்தில் ஆள் இல்லாவிட்டாலும் அன்றைய கூலி சிக்கல்தான். 2025-26-இல் அது 336 ரூபாய். சுகாதார நிலையத்துக்குப் போய்வர அரை நாள் போதும், ஆனால் போவதோ முழு நாள் கூலி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற கரைசலை, பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். மாறுதல் அடைந்த திசு வெள்ளையாகத் தெரியும். மயக்க மருந்து வேண்டாம், ஐந்து பத்து நிமிட வேலை. கெடுவது எங்கே என்றால், வரிசை நீளும்போது அந்த ஒரு நிமிடத்தில்தான். இருபது நொடியில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதினால் அது பரிசோதனையே அல்ல. கரைசல் பழசாக இருந்தாலும், விளக்கு மங்கலாக இருந்தாலும் இதே கதைதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடும், வினிகர் சோதனையில் சரியாகத் தெரியாது. அவர்களுக்கு, இந்நோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனைதான் பொருத்தம். அந்த வயதுப் பெண்கள்தான், "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி அதை எதுக்குப் பாக்கணும்?" என்று ஒதுங்கிப் போகிறார்கள். ஒலிபெருக்கியில் "கர்ப்பப்பைப் பரிசோதனை" என்று கூவினால் கல்யாணமாகாதவர்களும் கணவர் இல்லாதவர்களும் அந்தத் தெருப்பக்கமே வர மாட்டார்கள். ஊர் வாய்க்கு யார் பதில் சொல்வது?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9. நாம் முந்தி நிற்கிறோம் என்று இதில் மகிழ எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் நமக்கு அதிக தூரமில்லாத திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் இதே வினிகர் சோதனைக்கு வந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர். வீடு வீடாகப் பெயர் எழுதி, ஆளைப் பார்த்து அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே, மாறிய திசுவை வாயுவால் உறைய வைத்து அழிக்கும் உறைநிலைச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட, அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கேயும் படித்த பெண்கள்தான் கூடுதலாக வந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அன்றைக்கே சிகிச்சை என்பதுதான் முக்கியம். இங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தால் மதுரைக்கோ சிவகங்கைக்கோ சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்சில்தான். மதுரை பஸ்சுக்குக் காசு வேண்டும், துணைக்கு வருபவருக்கும் வேண்டும். இருவருக்கும் அன்றைய கூலி போகும். சீட்டு அரிசிப் பானைக்குள் கிடக்கும். அந்தத் திசுவைச் சூட்டால் அழிக்கும், பேட்டரியில் இயங்கும் வெப்பச் சிகிச்சைக் கருவி இருந்தால் எரிவாயு உருளை தேவையில்லை, ஒரு நிமிடத்துக்குள் முடியும். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதைப் பரிந்துரைத்தது. எல்லா வட்டார மருத்துவமனைகளிலும் இது இருக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் அம்மாக்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே கையோடு 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் இதுவரை பரிசோதனை செய்யாதவர்களின் பட்டியலை எடுக்கலாம். எச்.பி.வி. மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் குச்சியும் குழாயும் ஆஸ்திரேலியாவில் 2022 முதல் எல்லோருக்கும் உண்டு. அதை இங்கே தன்னார்வலர் கையிலேயே கொடுத்தனுப்பலாம். முகாமை ஆலை வாசலில், வேலை முடியும் நேரத்தில், பெண் செவிலியரை வைத்து நடத்துங்கள். ஆலையில் மூட்டை தூக்கும் ஆண்களின் வாயையும் அங்கேயே விளக்கடித்துப் பாருங்கள். புகையிலை போடுகிறவர்கள் தாங்களாக வந்து வாயைக் காட்டுவதில்லை.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமைப் பற்றி எழுதும்போது, அந்த ஊரில் தகுதியுள்ள பெண்கள் எத்தனை பேர், அவர்களில் வராதவர்கள் எத்தனை பேர், சந்தேகம் என்று அனுப்பப்பட்டவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டு, அந்த மூன்று எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சமுதாய சுகாதாரச் செவிலியர்,
காரைக்குடி